வெட்டினால் போதுமா, விதைக்க வேண்டாமா? ஆலங்குளம் தரிசுக்காட்டில் ஓர் ஆடி மாதம்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஆலங்குளம் ஒரு பாதிவழி ஊர். ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துக்குப் போகும் வேன்களும் கார்களும் இந்த வழியாகத்தான் பறக்கும். சீதபற்பநல்லூர், மாறாந்தை தாண்டியதும் ஜன்னல் வழியே ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், சட்டைக் காலர் படபடக்கும். "சாரல் காத்து வந்திருச்சு" என்று வண்டிக்குள் இருப்பவர்கள் குதூகலிப்பார்கள்.

ஆனால், ஆலங்குளத்துக்காரர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். "குத்தாலத்துக்குச் சாரல், எங்களுக்கு வெறுங்காத்து!"

விஷயம் இதுதான். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் மழையை இறக்கிவிட்டு, ஈரம் குறைந்த காற்றாகக் கிழக்கே ஓடிவருகிறது. அதனால்தான் இந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். குற்றாலத்தில் அருவி கொட்டுகிற அதே நாளில், ஆலங்குளத்துச் செம்மண் புஞ்சையில் புழுதி பறந்துகொண்டிருக்கும். இங்கே நிலத்தை நனைக்கிற மழை புரட்டாசி கடைசியில் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான்.

ஊர்ப் பெயரிலேயே ஓர் ஆலமரமும் ஒரு குளமும் இருக்கின்றன. சின்ன வெங்காயம், மிளகாய், தக்காளி, கத்திரி, வெண்டை என்று காய்கறிக்குப் பேர்போன பகுதி. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம் வட்டமும் அதில் சேர்ந்தது. காய்கறி மூட்டைகள் இன்றும் சந்தைக்கு வருகின்றன. ஆனால், சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் இன்னொரு ஆலங்குளம் தெரியும். பாதிக் காடுகள் முள் மூடிக் கிடக்கின்றன. மீதியில் பல இடங்களில் வண்ணமடித்த மனைக்கற்கள். இரண்டுக்கும் நடுவில், "இந்தக் காட்டை என்ன செய்வது?" என்ற கேள்வியோடு சில குடும்பங்கள்.

அதில் ஒன்று என் அக்கா குடும்பம்.

பீடிப் பணத்தில் எண்பது சென்ட்

அக்காவுக்கு ஆலங்குளம் பக்கத்தில் மாமனார் வழியில் வந்த எண்பது சென்ட் புஞ்சை இருக்கிறது. ஒரு பழைய கிணறும் உண்டு. மாமனார் படுத்த பிறகு அத்தான் லாரி ஓட்டப் போய்விட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஏர் படவில்லை.

இந்தப் பக்கத்துப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதிய நேரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் பல வீடுகளில் அந்தச் சொளவில் இருந்து வந்ததுதான். அக்காவும் இருபத்தைந்து வருஷம் சுற்றினாள். விரல் மரத்துப்போய், இருமலும் சேர்ந்துகொள்ள, கடையை விட்டு நின்றபோது பி.எஃப். பணம் கைக்கு வந்தது.

அத்தான், "ரோட்டுப் பக்கம் நாலு பேர் பிளாட் போடக் கேக்காங்க, குடுத்திருவோமா?" என்றார். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "அந்தப் பணத்தப் போட்டுக் காட்டத் திருத்துவோம்."

இருந்தது ஒரே ஒரு சேமிப்பு. அது முள்ளுக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. ஆடி மாதம் பத்து நாள் லீவு போட்டு நான் அங்கே போனது அதனால்தான்.

பக்கத்துக் காடு சொன்ன பாடம்

முதல் நாள் அக்கா என்னைத் தன் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த காட்டைக் காட்டினாள். ஆள் நுழைய முடியாத முள் அடர்த்தி.

"இது ரெண்டு வருசத்துக்கு முன்ன ஜேசிபி விட்டு மொட்டையா அடிச்ச காடு, தம்பி."

நம்ப முடியவில்லை. ஒன்றரை ஏக்கரையும் இரண்டே நாளில் சுத்தமாக வழித்திருக்கிறார்கள். பார்த்தவர்களெல்லாம் "மைதானம் மாதிரி இருக்கே!" என்று பாராட்டியிருக்கிறார்கள். கையிலிருந்த பணம் அத்தோடு தீர்ந்தது. உழவுக்கும் விதைக்கும் மிச்சமில்லை. அந்த ஐப்பசி மழையில் நிலம் முழுக்க முளைத்தது சீமைக்கருவேலம்தான். நிழல் இல்லாத, போட்டியில்லாத, கிளறிவிட்ட மண். அதற்கு வேறென்ன வேண்டும்?

உதவிக்கு வந்திருந்த ஒரு பெரியவர், முள் வெட்டியே கைகாய்த்தவர், வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "மரத்த வெட்டுறது பெரிய காரியம் இல்ல தம்பி. வெட்டுன எடத்துல என்ன போடப் போறீய? அதச் சொல்லுங்க மொதல்ல."

அந்தக் கேள்வியிலிருந்துதான் அக்காவின் திட்டம் பிறந்தது. எண்பது சென்ட்டில் இருபது சென்ட் மட்டும் இந்த வருஷம். விதை, உழவு, களையெடுப்புக்குப் பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் வெட்டு.

இது நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்த சூத்திரம் இல்லை. இங்கிலாந்தில் நகரவாசிகளுக்கு ஊராட்சி அமைப்புகள் சிறு தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்கு விடுகின்றன. 'அலாட்மென்ட்' என்று பெயர். 1908-ல் வந்த சட்டப்படி அதை ஏற்பாடு செய்வது அவற்றின் கடமை. வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட் சொச்சம். அந்த ஆறு சென்ட் புதர் மூடிக் கையில் கிடைத்தால்கூட, முதலில் ஒரு பகுதியை மட்டும் திருத்திப் பயிர் வையுங்கள், மீதியை வெளிச்சம் புகாதபடி மூடிப்போடுங்கள் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். அங்கே பிளாக்பெர்ரி முள், இங்கே கருவேல முள். பாடம் ஒன்றுதான்.

யார் இந்தச் சீமைக்கருவேலம்?

இதன் பூர்விகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 1870-களில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பா பகுதியில் வனத்துறையினர் வளர்த்தார்கள். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பிற்பாடு தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலும் பரவலாக விதைக்கப்பட்டது. நோக்கம் நிறைவேறாமல் இல்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரித்தது இந்த மரம்தான். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

தொல்லை என்னவென்றால், எங்கே நிற்க வேண்டும் என்று இதற்குத் தெரியாது. இனிப்பான காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கும். குளம், ஓடை, தரிசு எதையும் விடாது.

2017-ல், வைகோ தொடர்ந்த வழக்கில், சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டிப்பான உத்தரவுகளைப் போட்டது நினைவிருக்கும். ஊர் ஊராக ஜேசிபிகள் இறங்கின. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அயல்நாட்டு ஊடுருவல் தாவரங்களுக்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவது மட்டுமல்ல, அகற்றிய இடத்தை மீட்டெடுப்பதும் அந்தக் கொள்கையின் பாதி. பெரியவர் வெற்றிலையோடு கேட்ட கேள்வியும் அதுதானே!

வெட்டுவதற்கு முன் மூன்று வேலைகள்

அரிவாளைத் தொடுவதற்கு முன்னால் அக்கா மூன்று வேலைகளை முடித்தாள்.

முதலாவது, எல்லை. முள் மூடிய காட்டில் எல்லைக்கல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பட்டா, சிட்டாவோடு புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எடுத்துக்கொண்டோம். பக்கத்துக் காட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு கல்லைத் தேடினோம். பத்து வருஷம் கேட்பாரில்லாத நிலத்தில் திடீரென்று ஜேசிபி இறங்கினால் வேலிச் சண்டைதான் முதலில் முளைக்கும்.

இரண்டாவது, கிணறு. இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. முள் படர்ந்து மூடியிருந்தால் ஓரம் எதுவென்றே தெரியாது. கவைக்கம்பால் முள்ளைத் தள்ளித் தள்ளிக் கிணற்று ஓரத்தைக் கண்டுபிடித்து, நான்கு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார் அத்தான். "வண்டிக்காரருக்கு இது தெரியலன்னா வண்டியோட உள்ளதான்" என்றார்.

மூன்றாவது, உயிர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் புதர்க்காட்டில் இருக்கலாம். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டு, முதலில் கம்பால் தட்டி, வெளிச்சத்தில் மட்டும் வேலை. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இதை வேலைக்கு வந்த எல்லோரிடமும் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

எல்லா முள்ளும் எதிரி இல்லை

மறுநாள் பெரியவர் ஒரு சுண்ணாம்பு டப்பாவோடு வந்தார். வெட்டக் கூடாத மரங்களுக்கு வெள்ளைக் கோடு போட்டார். நான் எல்லாவற்றையும் புதர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்.

குடை விரித்த மாதிரி தட்டையாக நிற்கிறதே, அது உடை. நம் மண்ணின் முள்மரம். ஆட்டுக்குத் தீவனம், நிழலும் தரும். அடுத்து இரண்டு வேம்பு. ஓரத்தில் ஓர் இலந்தை, வரப்போரம் ஆவாரை. காற்றடிக்கும் மேற்குப் பக்கத்தில் இவை வரிசையாக நின்றால் செடிகளுக்குக் காற்றுத் தடுப்பு. "இதையும் அடிச்சிட்டீயன்னா ஆடிக் காத்துல உங்க மேல்மண்ணு திருநவேலிக்குப் போயிரும்" என்றார்.

வடகிழக்கு மூலையில் மூன்று பனை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். அனுமதி கிடைத்தாலும் அக்கா வெட்டுவதாக இல்லை. மாமனார் ஊன்றிய விதையாம்.

தூரோடு எடுத்தால்தான் கணக்கு

கரிமூட்டக்காரர் ஒருவர் வந்து, "மரத்த நாங்களே வெட்டி எடுத்துக்கிடுதோம், உங்களுக்குச் செலவு இல்ல" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். மூட்டத்துக்கு வேண்டியது கட்டை. அவர்கள் தரைக்கு மேலே அறுத்து எடுத்துப் போவார்கள். தூர் பூமியில் நிற்கும். மழை விழுந்ததும் ஒரு தூரில் பத்துக் கிளை தளிர்க்கும். மூன்று, நான்கு வருஷத்தில் அடுத்த வெட்டுக்கு அவர்களே வருவார்கள். அது அவர்கள் தொழில், அவர்களுக்குச் சரி. பயிர் வைக்க நினைப்பவருக்கு ஆகாது.

பேசி முடிவுக்கு வந்தது இப்படி. இருபது சென்ட்டிலுள்ள கட்டையை அவர் எடுத்துக்கொள்வார். தூர் எடுக்கிற ஜேசிபி வாடகையில் ஒரு பங்கை அவர் தருவார். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை.

ஜேசிபி மூன்று மணி நேரம் ஓடியது. அக்கா விலகவே இல்லை, வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, தரைக்குக் கீழே ஓர் அடி வரைக்கும் தோண்டித் தூரை முழுசாகப் புரட்ட வேண்டும், துளிர்க்கும் கண்கள் அங்கேதான் இருக்கும். இரண்டு, புரட்டிய தூரை அப்படியே தள்ளக் கூடாது, உதறி மண்ணைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஒதுக்க வேண்டும். இந்தச் செம்மண் காட்டில் நல்ல மேல்மண் அரை அடி, முக்கால் அடிதான். அதற்குக் கீழே சரளை. அவசரமாக வழித்தால் மேல்மண் முழுக்க ஓரத்துக் குவியலில் போய்ச் சேர்ந்துவிடும். "மண்ண விட்டுட்டு வேர எடுங்கண்ணே" என்று அவள் சொல்லிச் சொல்லி, வண்டி ஓட்டிய அண்ணாச்சி கடைசியில் சிரித்துவிட்டார்.

சிறு கன்றுகளைக் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து நாங்களே பிடுங்கினோம். கையுறை போட்டும் முள் ஏறியது. ரப்பர் செருப்பெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

குவித்த முள்ளுக்கு யாரோ தீ வைக்கச் சொன்னார்கள். அத்தான் தடுத்துவிட்டார். ஆடிக் காற்றில் ஒரு பொறி பறந்தால் போதும், பக்கத்துக் காட்டு முள்ளும் பனையோலையும் பற்றிக்கொள்ளும். காய் இல்லாத கிளைகளாகப் பொறுக்கிக் கவையால் தள்ளி, திருத்திய இருபது சென்ட்டைச் சுற்றி முள்வேலி அடைத்தோம். எதிரியே காவல்காரன் ஆனான்.

கோரையிடம் பலம் காட்டாதீர்கள்

மரம் போன பிறகுதான் சின்ன எதிரிகள் தெரிந்தார்கள். கிணற்றோரம் கோரை, நடுவில் பார்த்தீனியம்.

கோரையை மேலே அறுத்தால் பயனில்லை. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும். ரொட்டவேட்டர் ஓட்டினால் அந்தச் சங்கிலி துண்டு துண்டாகிக் காடு முழுக்கப் பரவும். அதனால் சட்டிக் கலப்பையும் கொத்துக் கலப்பையும்தான். கட்டி கட்டியாகப் புரட்டிப்போட்டு, வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, மேலே வந்த கிழங்கைப் பெண்கள் பொறுக்கினார்கள். சித்திரை, வைகாசியில் கோடை உழவாகச் செய்தால் இன்னும் நன்றாகக் காயும். ஒரு வருஷத்தில் ஒழியாது. ஆனால், வருஷத்துக்கு வருஷம் குறையும்.

பார்த்தீனியத்தைப் பூ எடுப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட இந்தச் செடி, இன்று நாடு முழுக்க இருக்கிறது. தோலில் பட்டால் அரிப்பு, மூச்சுத் தொல்லை இருப்பவர்களுக்கு இழுப்பு. இருமல்காரியான அக்காவை அந்த வேலைக்கு நாங்கள் விடவில்லை.

கரம்பையும் கிடையும்

பத்து வருஷம் சும்மா கிடந்த மண்ணில் சத்து இருக்குமா? ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம் என்று மண் மாதிரி எடுத்தோம். மரநிழலையும் வரப்போரத்தையும் விட்டுவிட்டு, ஏழெட்டு இடத்தில் மேலே கிடந்த சருகை ஒதுக்கி, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தை ஒதுக்கி, அரைக் கிலோ மிஞ்சும் வரைக்கும் இப்படியே செய்து, வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கொடுத்தால் சோதித்துத் தருவார்கள். அதே இடத்தில், கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் பற்றியும் விசாரிக்கலாம். 12,525 கிராம ஊராட்சிகளை ஐந்து ஆண்டுகளில் எடுத்துக்கொள்வதாக 2021-22-ல் தொடங்கிய திட்டம் அது. பக்கத்துப் பக்கத்துத் தரிசுக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் தொகுப்பாகத் திருத்தித் தர அதில் வழியிருக்கிறது.

சோதனையில் அங்ககச் சத்து குறைவு என்று வந்தது. அதற்கு இந்தப் பக்கத்தில் இரண்டு பழைய வைத்தியம் உண்டு.

ஒன்று கரம்பை. வற்றிய குளத்தின் வண்டல் மண்ணுக்கு இங்கே அதுதான் பெயர். செம்மண் காட்டில் கரம்பை அடித்தால் ஈரம் நிற்கும். விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75 கன மீட்டர் வரை அனுமதி. 2024-லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. வண்டி வாடகை மட்டும் நம் பொறுப்பு.

இன்னொன்று கிடை. ஆவணியில் இரண்டு ராத்திரி செம்மறிக் கிடை போட்டோம். அக்கா கிடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்க மேய்ச்சீய?" அவர் மறைக்கவில்லை. "கருவைக்காய் திங்காம எந்த ஆடு இருக்கும் தாயி?" என்றார். அதாவது, எருவோடு முள் விதையும் இலவசம்!

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தோம். பெரியவர் வழி சொன்னார். கிடை போடுங்கள், ஆனால் முதல் மழைக்கு விதைக்காதீர்கள். முதல் மழையில் முளைக்கிறது எல்லாம் முளைக்கட்டும். விரல் உயரம் வந்ததும் மேலாக ஓர் உழவு. முள் கன்றும் களையும் அதிலேயே போகும். இரண்டாம் மழைக்கு விதையுங்கள். பொறுமைக்கு விலை பத்துப் பதினைந்து நாள். லாபம், ஒரு பருவத்துக் களையெடுப்புக் கூலியில் பாதி.

புரட்டாசியில் போட்ட இருபது விதை

புதிதாகத் திருத்திய நிலத்தில் நேராகக் காய்கறி வைக்கக் கூடாது. அக்கா செய்தது பல தானிய விதைப்பு. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறை. தானியத்தில் சோளம், கம்பு, தினை, சாமை. பயறில் உளுந்து, பாசி, தட்டை, மொச்சை. எண்ணெய் வித்தில் எள், கடலை, ஆமணக்கு, சூரியகாந்தி. மணப்பயிரில் மல்லி, கடுகு, வெந்தயம், சோம்பு. பசுந்தாளில் சணப்பு, தக்கைப்பூண்டு, அகத்தி, கொளுஞ்சி. ஏக்கருக்கு இருபது கிலோ வரும். இருபது சென்ட்டுக்கு நான்கு கிலோ போதும். மயில் பொறுக்கிவிடும் என்று விதைத்ததும் மேலாகக் கீறி மண் மூடினார்கள். முதல் வாரம் அத்தான் தகரம் தட்டிக்கொண்டே காட்டில் கிடந்தார்.

நான் ஐப்பசிக் கடைசியில் மறுபடி போனபோது இடுப்பளவு பச்சை. சணப்பு மஞ்சளாகப் பூத்திருந்தது. தேனீ சத்தம். அந்தப் பச்சைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். முள் கன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிச்சம் கிடைக்காமல் நூல் மாதிரி நின்றது. கையால் இழுத்தால் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் அதே வயசுக் கன்று முழங்கால் உயரத்தில் முறுக்கேறி நின்றது. ஒரே மழை, ஒரே மண். இங்கே இடம் காலியாக இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பூத்த பயிரை ஐம்பதாவது நாள் மடக்கி உழுதார்கள். அழகான பச்சையை உழுவதற்கு மனசு வரவில்லை என்று அக்கா ஒரு நாள் தள்ளிப்போட்டாளாம். மார்கழியில் மண்ணைக் கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. தூர்வாரிய கிணற்றில் மழைத் தண்ணீர் நின்றது. பத்து சென்ட்டில் வெண்டையும் கத்திரியும், மீதியில் தட்டாம்பயறும் போட்டாள்.

மாசியில் போனில் கூப்பிட்டு, "ஏல, வெண்டிக்கா சந்தைக்குப் போயிருக்கு" என்றாள். என்ன விலை என்று கேட்டேன். சொன்ன விலையில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. ஜேசிபி வாடகையும் உழவுக்கூலியும் வர இன்னும் இரண்டு பருவமாவது ஆகும். ஆனால், பி.எஃப். பணத்தில் பாதிக்கு மேல் பேங்கில் அப்படியே இருக்கிறது. திருத்தின இடத்தில் முள் திரும்பவில்லை. பிளாட் கேட்டு வந்தவர்களிடம் இப்போது அத்தானே "இல்லண்ணே, பயிர் கெடக்கு" என்று சொல்லிவிடுகிறாராம்.

மீதி அறுபது சென்ட் இன்னும் முள்தான். ஊரில் கேலி பேசுகிறவர்கள் உண்டு, "என்ன, கால்வாசித் தலைய மட்டும் சிரைச்சிருக்கீய?" என்று. அக்கா கவலைப்படுவதில்லை. சணப்பு விதை நான்கு கிலோவும் தட்டாம்பயறு இரண்டு கிலோவும் டப்பாவில் கட்டி, பரணில் வைத்திருக்கிறாள். அது அடுத்த இருபது சென்ட்டுக்கு.

உங்கள் குடும்பத்துக்கும் இப்படி எங்கேயாவது ஒரு காடு முள் மூடிக் கிடக்கலாம். அடுத்த முறை குற்றாலத்துக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்கி அதை எட்டிப் பாருங்கள். எல்லைக்கல்லைத் தேடுங்கள். ஜேசிபிக்குப் போன் செய்வது கடைசி வேலையாக இருக்கட்டும். எத்தனை சென்ட்டுக்கு விதையும் உழவும் உங்களால் முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அத்தனை சென்ட் மட்டும் வெட்டுங்கள்.